பழைய பதிப்பில் திறக்கும் நாற்காலி

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் போனை எடுத்தால் என் குரல் தானாக உயரும், நீங்கள் பட்டென்று வைத்துவிடுவீர்கள். கடைசியாகப் பேசியபோது அப்படித்தான் ஆனது. கடிதத்தில் கத்த முடியாது என்பதால் கடிதம்.

விஷயம் வாயாடியைப் பற்றியது. என் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, பேச்சில் மட்டும் அறுபது. உடம்புதான் இன்னும் தானாக நிமிர்ந்து உட்காரவில்லை. முதுகு இடது பக்கம் சாய்ந்துவிடுகிறது. அவளுக்கு மூன்று வயதானபோது நீங்கள் வரைந்து, நான் மெஷினில் அறுத்து, அண்ணன் பூட்டிக் கொடுத்த நாற்காலியில்தான் இன்று வரை சாப்பிடுகிறாள், எழுதுகிறாள், எங்களை அதிகாரம் செய்கிறாள். இப்போது முழங்கால், கை வைக்கும் முன்பலகையில் இடிக்கிறது.

பக்கத்துத் தெருப் பள்ளியில் தலைமையாசிரியை அவளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். "மூணு மணி நேரம் விழாம உக்காரணும். அதுக்கு ஏத்த சீட்டை நீங்களே கொண்டு வந்துடுங்க" என்றார். ஏப்ரல் ஆறாம் தேதி வகுப்பு தொடங்குகிறது. போன வருஷமும் இதே காரணத்துக்காகத் தள்ளிப்போட்டோம். இந்த முறையும் தவறினால் வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிடுவார்களாம்.

கடையில் விற்கும் எதுவும் அவள் முதுகுக்குப் பொருந்தவில்லை. பழைய நாற்காலியை அளந்து, எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கி நானே ஒன்று செய்தேன். உட்கார வைத்த ஐந்தாவது நிமிஷம் சரிந்துவிட்டாள். "அப்பா, இது நாற்காலி இல்ல, சறுக்கு மரம்" என்றாள். முதுகுப்பலகையின் வளைவில்தான் எல்லாம் இருக்கிறது, அது உங்கள் படத்தில்தான் இருக்கிறது.

அந்தப் படம் நம் மரப்பட்டறைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. திறக்கப் போனால், 'இந்த ஃபைல் பிந்தைய பதிப்பில் சேமிக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி வந்து வழியை மறிக்கிறது. தேதியைப் பார்த்தேன். நீங்கள் இங்கிருந்து கிளம்புவதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. போகிற போக்கில் பூட்டிவிட்டுப் போனீர்களோ என்று தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னால் படம் போடும் சாஃப்ட்வேரின் புதிய பதிப்புக்கு மாற முடியாது. மாறினால் அறுக்கும் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்காது. அதற்குப் பயந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட்டே கொடுக்காமல் வைத்திருக்கிறேன். இதனுடன் பென் டிரைவ் ஒன்று இருக்கிறது. பழைய பதிப்பில் சேமித்து அனுப்பி வையுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 10

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

முதலில் பூட்டு விஷயம். என் பழைய லேப்டாப் செத்துப்போய் நான் புதிது வாங்கியது உங்களுக்குத் தெரியும். அதில் புதிய பதிப்புதான் இருந்தது. பழைய படத்தை அதில் திறந்து ஒரு கோட்டைத் திருத்திச் சேமித்தால் போதும், அது யாரையும் கேட்காமல் படத்தைத் தன் பதிப்புக்கு மாற்றிவிடும். கிளம்புவதற்கு முன் அந்த நாற்காலியை அவள் வளர வளர நீட்டிக்கொள்ளும்படி திருத்தி, பட்டறைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். அதை நீங்கள் இத்தனை நாள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

என் கோபம் உங்கள் மேல்தான். நூலகத்துக்கு நாம் செய்த படிக்கட்டு மாடிக்கு எட்டாமல் போன அன்று, நூலகத்துக்காரர்களும் நம் ஆட்களும் நின்றுகொண்டிருக்க, "படம் போடத் தெரியாதவங்க கையில வேலைய குடுத்தா இப்படித்தான்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்காக ஒரு குழந்தையின் நாற்காலியைப் பூட்டிவைக்கிற அளவுக்கு நான் போகவில்லை.

பழைய பதிப்பில் சேமித்துப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். அவளுடைய இப்போதைய அளவுகள் வேண்டும். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், இரண்டு அக்குளும் இருக்கையிலிருந்து எவ்வளவு உயரம் என்று வலது இடது தனித்தனியாக. ஓரகத்தியை அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் அளந்தால் குத்துமதிப்பாக எழுதுவீர்கள்.

உங்கள் அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தார், மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணி


பிப்ரவரி 18

அண்ணிக்கு,

என்னை நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மீசை முளைக்காத காலத்திலிருந்து வா, போ என்று கூப்பிட்டவர். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

பூட்டு என்று எழுதியது என் தப்பு. அவள் வளர்ந்தால் ஆகுமே என்று யோசித்து வைத்துவிட்டுப் போனவரை அப்படிக் கேட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஃபைல் திறந்தது. திறந்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன், அவசரப்பட்டுவிட்டேன். நீங்கள் தமிழில் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. முதுகுப்பலகையின் வளைவு நூறு குட்டிக் கோடுகளாக உடைந்து போயிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் ரம்பத்தின் பல்லாக வந்தது. அதைவிடக் கூத்து இருக்கைப் பலகை. படம் மில்லிமீட்டரில் இருக்கிறது, உங்கள் பதிப்பு என்ன சொல்லி அனுப்பியதோ, என் மெஷின் வேறு கணக்கில் எடுத்துக்கொண்டது. முழுப் பலகையை மெஷினில் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு குழியைத் தோண்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. வாயாடி பக்கத்தில் படுக்கை வண்டியில் இருந்தாள். "பெரியம்மா எறும்புக்கு வரைஞ்சு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. உங்கள் ஓரகத்திதான் எடுத்தாள், நான் டேப்பைத் தொடவே இல்லை. இடது அக்குள் வலதைவிட இருபத்தாறு மில்லி கீழே இருக்கிறது. முன்பு பதினெட்டு இருந்தது. டாக்டர் இந்த வருஷமாவது சரியான சீட் வேண்டும் என்கிறார்.

இவ்வளவு தூரம் செய்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

கொழுந்தன்


பிப்ரவரி 27

தம்பிக்கு,

எறும்புக்கு வரையவில்லை, அவளுக்குத்தான் வரைந்தேன் என்று சொல். பெரியம்மாவைக் கேலி செய்கிற அளவுக்கு வாய் வளர்ந்திருக்கிறது, கேட்க நன்றாக இருக்கிறது.

என் ஆபீஸில் பன்னிரண்டு பேர் படம் போடுகிறோம். உன் பதிப்பின் எண்ணைச் சொன்னதும் பக்கத்து சீட்காரர், "இன்னும் அது உயிரோட இருக்கா?" என்றார். இங்கிருந்து நேராக உன் பதிப்புக்கு இறங்கினால் படியில் உருண்டு விழுந்த மாதிரி எல்லாம் உடைகிறது. நடுவில் ஒரு பதிப்பில் நிறுத்தி, சரிபார்த்து, பிறகு இறக்க வேண்டும். அந்த நடுப் பதிப்பு யாரிடமும் இல்லை.

உன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். பேச மாட்டார், தேடுவார். இரண்டு தெரு தள்ளி பெயர்ப்பலகை வெட்டுகிற ஒருவரிடம் அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றோம். எதற்கு என்று கேட்டார், சொன்னோம். தன் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "முடியற வரைக்கும் உக்காருங்கம்மா, எனக்கு இன்னைக்கு அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். அவசரம் இருந்தது. வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன். முன்பின் தெரியாத மனிதர்.

முதுகுப்பலகையை முழுக்கத் திரும்ப வரைந்துவிட்டேன். உன் பதிப்புக்கு வட்டத்தின் துண்டுகள் புரியும், சுதந்திரமாக ஓடுகிற வளைவு புரியாது. அதனால் அந்த ஒரு வளைவைப் பதினொரு வட்டத் துண்டுகளாகச் சேர்த்திருக்கிறேன். ஒட்டு எங்கே என்று கை வைத்தாலும் தெரியாது. குறிப்புகளைக் கட்டமாகக் காட்டும் என்பதால் தாளில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். மூலையில் நூறு மில்லி என்று ஒரு சதுரம் போட்டிருக்கிறேன். அதை முதலில் கழிவுப் பலகையில் அறுத்து அளந்து பார். சரியாக நூறு இருந்தால் மட்டும் மேலே போ.

இன்னொன்று. இறக்கும்போது கையால் தட்டிய எண்கள் எல்லாம் உதிர்ந்து, கோட்டின் நிஜமான அளவு வந்து நின்றது. இருக்கையின் ஆழம் 310 என்று படத்தில் இருந்தது, கோடு 292தான். மூன்று வருஷமாக அவள் பதினெட்டு மில்லி குறைவான சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் எண்ணைப் படிக்காது, கோட்டைத்தான் படிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கோட்டை நகர்த்தச் சோம்பல்பட்டு எண்ணை மட்டும் மாற்றுகிற பழக்கம் நம் பட்டறையில் யாருக்கு இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

இப்போது அவளுடைய புதிய அளவுகளுக்கு எல்லாக் கோட்டையும் நானே அளந்து சரிசெய்துவிட்டேன். பயப்படாமல் அறுக்கலாம்.

அண்ணி


மார்ச் 7

அண்ணி,

சதுரம் சரியாக நூறு. அதன் பிறகு ஒவ்வொரு பலகையாக அறுத்தேன். முதுகுப்பலகையில் கை வைத்துத் தேடினேன், ஒட்டு தெரியவில்லை. மட்டமான பலகையில் ஒன்றைச் செய்து நேற்று அவளை உட்கார வைத்தோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நானும் உங்கள் ஓரகத்தியும் எதிரே நின்றோம். நாற்பது நிமிஷம் ஆனது. அவள் சரியவில்லை. "ரெண்டு பேரும் போய் வேலைய பாருங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று விரட்டிவிட்டாள். உங்கள் ஓரகத்தி அடுப்படியில் போய் அழுதாள். போட்டோ வைத்திருக்கிறேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் நூலகப் படிக்கட்டு ஃபைலைத் திறந்தேன். மூன்று வருஷமாக அதைத் தொடவில்லை. தொட்டால் எரிச்சல் வரும் என்று விட்டுவிட்டேன். படியின் உயரம் 175 என்று இருந்தது. கோட்டை அளந்தேன். 168. பதினான்கு படிக்குக் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர். கடைசிப் படிக்கும் மாடித் தரைக்கும் நடுவே அன்றைக்கு நாம் பார்த்த அதே இடைவெளி.

அன்று நான் அச்சுத் தாளைக் காட்டிக் கத்தினேன். எண் சரியாக இருக்கிறது, கோடுதான் தப்பு, அப்படியென்றால் வரைந்தவர் தப்பு என்று. ஆனால் அண்ணி, நீங்கள் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த ஒரு திங்கட்கிழமை, நூலகத்திலிருந்து போன் வந்தது. மாடித் தரைக்கு ஓடு போடுகிறோம், உயரம் கூடும், படியை 175 ஆக்குங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணைத் தட்டியது நான்தான். கோட்டை எப்படி நகர்த்துவது என்று தெரியாது. உங்களிடம் சொல்லவும் மறந்துவிட்டேன். நேற்று அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. இல்லை, இதையும் சரியாக எழுதிவிடுகிறேன். அன்றைக்கே லேசாக ஞாபகம் வந்தது. கத்திக்கொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை. பிறகு நிறுத்தாததால் சொல்ல முடியவில்லை.

நான் செய்த தப்புக்கு உங்களை ஊர் முன்னால் பேசினேன். நீங்களும் அண்ணனும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனீர்கள். நான் வாசலில் நின்று சாமான் ஏற்றுவதை வேடிக்கை பார்த்தேன். அதற்குப் பிறகும் என் மகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோ ஒருவர் கடையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறீர்கள். இன்று காலை நூலகத்துக்குப் போய் அந்தப் பொறுப்பாளரைப் பார்த்து, தப்பு என்னுடையது, எங்கள் அண்ணியுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் பட்டறை ஆட்களிடமும் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டுங்கள்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 15

தம்பிக்கு,

எனக்குத் தெரியும். நீ கத்திய அந்த வாரமே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டேன். நான் தட்டாத எண், தட்டக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மகளுக்கு முதுகு இனி தானாக நிற்காது என்று டாக்டர் சொன்னது அதற்கு முந்தைய வாரம். நீ சோறு தின்னாமல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன் தலையில் இன்னொன்றைத் தூக்கிவைக்க மனசு வரவில்லை. இதைப் படித்து என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடாதே. அது முதல் மாதத்துக் கதை. அதன் பிறகு வெறும் வீம்புதான். நானாகச் சொல்ல மாட்டேன், அவனே கண்டுபிடித்து வந்து நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் ஆக்கிவிட்டாய். அதில் பாதி என் கணக்கு. பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் நானும்தான் இழந்திருக்கிறேன்.

நீ நூலகம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே வேலையில் உட்காரும்போதெல்லாம், எங்கேயோ நான்கு பேர் என்னைப் படம் போடத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு எண்ணம் ஓடும். நேற்று அது ஓடவில்லை. நன்றி தம்பி.

உன் அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "என்ன நீளத்துல திருகாணி போட்டிருக்கானாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "குட்டையா போட்டிருப்பான். அவன் எப்பவும் குட்டையாத்தான் போடுவான்" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இங்கே ஒரு பெரிய வேலை முடிய வேண்டும், இந்த மாதம் நகர முடியாது. அவர் இருபதாம் தேதி அங்கே இருப்பார்.

போட்டோவைப் பார்த்தேன். முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பிறகுதான் நாற்காலியைப் பார்த்தேன். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கின்றன. முன்பலகை உயரமாக இருக்கிறது. இருபது மில்லி இறக்கி, வயிற்றுப் பக்கம் பிறை மாதிரி வெட்டிவிட்டால் கையைத் தாராளமாக நீட்டுவாள். திருத்திய ஃபைலை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பெயர்ப்பலகைக்காரர் உன் பதிப்பையே எங்கோ தேடிப் பிடித்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டுவைத்திருக்கிறார். "பாப்பா இன்னும் வளருவா இல்ல" என்றார்.

நல்ல பலகையில் அறு. அளந்துவிட்டு அறு.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

அண்ணன் வந்த அன்றே நான் போட்ட எல்லாத் திருகாணியையும் கழற்றினார். குட்டைதான். ஒவ்வொன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் இருவரும் பேசிக்கொள்ளாமலேயே முழு நாற்காலியையும் பூட்டி முடித்தோம். சாயங்காலம் காபி குடிக்கும்போது, "நல்லா அறுத்திருக்கே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதும்.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடம். நாற்காலியை அண்ணன் தூக்கிக்கொண்டார், வாயாடியை நான் தூக்கிக்கொண்டேன், பையை உங்கள் ஓரகத்தி. இரண்டாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். உட்கார வைத்து வாரைப் பூட்டியதும், "பெரியப்பாவும் கிளம்பலாம்" என்றாள். மூன்று பேரும் பள்ளி வாசலில், எதிர்ச் சுவரோரமாகவே நின்றோம். விழுந்துவிட்டாள் என்று யாராவது கூப்பிட வருவார்கள் என்று காத்திருந்தோம். முதல் மணி நேரம் யாரும் வரவில்லை. இரண்டாவது மணி நேரமும் வரவில்லை. அண்ணன் ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போனார், உடனே திரும்பி வந்துவிட்டார்.

மணி அடித்ததும் வகுப்பு டீச்சர் நேராக எங்களிடம் வந்தார். முகம் சரியில்லை. "விழுந்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டேன்.

"விழறதாவது. மூணு மணி நேரமும் அசையாம உக்காந்திருந்தா. ஆனா முன்னாடி வரிசைப் பொண்ணோட பின்னலை எட்டிப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா. ரெண்டு தடவை சொல்லியும் கேக்கல. அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. வீட்ல கண்டிச்சு வைங்க."

நான் சிரித்துவிட்டேன் அண்ணி. அடக்கத்தான் பார்த்தேன். உங்கள் ஓரகத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு மட்டும் குலுங்கியது. என்ன மாதிரிக் குடும்பம் இது என்று டீச்சருக்கு எங்கள் மேல் சரியான கோபம். கோபப்படட்டும். பிறந்ததிலிருந்து நாங்கள் கொண்டுபோய்க் கையில் கொடுத்ததை மட்டும் தொட்ட பிள்ளை. யாரும் கொடுக்காத ஒன்றை முதல் தடவையாகத் தானே எட்டிப் பிடித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கண்டித்தேன். "அது அவ்வளவு கிட்ட இருந்துச்சுப்பா, நான் என்ன செய்யறது?" என்றாள்.

அந்தப் பெண்ணின் வீட்டு விலாசத்தை வாங்கிவிட்டோம். இன்று சாயங்காலம் நான்கு பேரும் போகிறோம். வாயாடி காலையிலிருந்து மன்னிப்புக் கேட்கப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள், தலையையும் வாரிவிட்டாயிற்று. அடுத்த புகார் வருவதற்குள் நீங்களும் வந்துவிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்